ஆர்கெஸ்ட்ரா டிராக் மிக்ஸில் ஒட்டவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ரிசப்ஷன் என்றால் பெரும்பாலும் மூன்று சங்கதி உண்டு. மாப்பிள்ளை அழைப்புக்கு நாதஸ்வரம், வாசலில் செண்டை கொட்டும் சிங்காரி மேளம், மணமக்கள் மேடை ஏறும்போது வயலினும் டிரம்பெட்டும் முழங்கும் ஓர் ஆர்கெஸ்ட்ரா டிராக். கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே வரிசைதான். மூன்றையும் இடைவெளி தெரியாமல் கோப்பது சவுண்டில் உட்கார்ந்திருப்பவரின் வேலை.

ஓடிக்கொண்டிருக்கும் பாட்டோடு அடுத்த டான்ஸ் பாட்டை ஒட்டுவது சுலபம். அது கிளிக் (சீரான தாள ஒலி) வைத்துப் பதிவு செய்தது, முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை ஒரே ஓட்டம். ஆர்கெஸ்ட்ராவில் எண்பது பேர் ஒருவரின் கையைப் பார்த்து வாசிக்கிறார்கள். அந்தக் கை ஒரு இடத்தில் இழுக்கும், ஒரு இடத்தில் ஓடும், வாக்கியம் முடியும் இடத்தில் மூச்சு விடும். டிஜே மென்பொருள் 72 பிபிஎம் (நிமிடத்துக்கு 72 அடி), 8பி (கீயின் குறியீடு, விளக்கம் கீழே) என்று காட்டினால் அது முழு டிராக்குக்கும் சேர்த்துச் சொன்ன ஒரே எண். நாம் ஒட்டப் போவதோ ஏதோ ஒரு 20 விநாடியில். அந்த 20 விநாடியின் டெம்போ (வேகம்) என்ன, கீ (எந்தச் சுரம் ஆதாரம், மேஜரா மைனரா) என்ன என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே சொல்லும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றை விட்டுவிடுவதால் வருபவை.

உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம்.

அறிகுறி: பிபிஎம் எண் பாதியாகவோ இரட்டிப்பாகவோ காட்டுகிறது

காதுக்கு நிதானமான டிராக், திரையில் 144. அல்லது குதிரை ஓட்டம், திரையில் 66. இதில் பயப்பட ஒன்றுமில்லை. மென்பொருள் சின்ன அடிகளை எண்ணிவிட்டது, அல்லது ஒன்று விட்டு ஒன்று எண்ணிவிட்டது. பெரும்பாலான மென்பொருளில் இரண்டால் பெருக்க, வகுக்க ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்துங்கள், முடிந்தது.

பெருக்கியும் வகுத்தும் ஒட்டவில்லை, எண் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கிறது என்றால் டிராக் திஸ்ர நடையில் இருக்கிறது. ஒரு அடிக்குள் மூன்று. 96 என்று காட்டுவது உண்மையில் 64 ஆக இருக்கலாம். கேரளக் கோயில்களின் பஞ்சாரி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஆறின் கணக்கு காதிலேயே இருக்கும். கையால் ஆறு எண்ணிப் பாருங்கள், உடனே பிடிபடும்.

அறிகுறி: தொடக்கத்தில் ஒட்டியது, கால் நிமிடத்தில் விலகிவிட்டது

இதுதான் அதிகம் வரும் கோளாறு. முதலில் ஒரு கணக்கு. ஒரு டிராக் 72, இன்னொன்று 70 என்றால் நிமிடத்துக்கு இரண்டு அடி வித்தியாசம். 15 விநாடியில் அரை அடி விலகிவிடும். அரை அடி விலகினால் ஒன்றின் அடி இன்னொன்றின் இடைவெளியில் விழும், கேட்பவருக்கு இரண்டு பேர் சண்டை போடுவது மாதிரி இருக்கும். ஆர்கெஸ்ட்ரா டிராக்கில் ஒரே பாட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று பிபிஎம் ஏறி இறங்குவது சாதாரணம்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல் 1928ல் எழுதிய பொலேரோவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஸ்நேர் டிரம் தாளம் போகிற படைப்பு, இதைவிடச் சீரான ஆர்கெஸ்ட்ரா டிராக் கிடைக்காது என்று தோன்றும். அதற்கே மூன்று எண் இருக்கிறது. அச்சில் 76 என்று இருந்ததை ரவேல் தன் சொந்தப் பிரதியில் அடித்துவிட்டு 66 என்று எழுதினார். பிறகு வந்த பதிப்புகளில் 72. பதிவுகளும் 14 நிமிடத்திலிருந்து 17 நிமிடம் வரை விதவிதமாக இருக்கின்றன. ஆகவே பெயரை வைத்து எங்கோ தேடி எடுத்த பிபிஎம் உதவாது. உங்கள் கையில் இருக்கும் பதிவை நீங்களே அளக்க வேண்டும்.

அளப்பது எப்படி? ஒட்டப் போகும் இடத்துக்குப் போய் ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்து 16 அடி எண்ணுங்கள். எண்ணத் தொடங்கும் அடி பூஜ்யம், பதினாறாவதில் நிறுத்துங்கள். 960ஐ வந்த விநாடியால் வகுத்தால் பிபிஎம். 13.3 விநாடி வந்தால் 72, 13.7 வந்தால் 70. மூன்று முறை எண்ணி நடு எண்ணை எடுங்கள். அடுத்த 16 அடிக்கும் இதையே செய்யுங்கள். இரண்டு எண்ணும் அரை பிபிஎம்முக்குள் இருந்தால் அந்த இடம் ஒட்டுவதற்கு நல்ல இடம். இரண்டுக்கும் நடுவே மூன்று பிபிஎம் ஓடினால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் தேடுங்கள். எந்த ஆர்கெஸ்ட்ரா டிராக்கிலும் மார்ச் மாதிரி சீராக நடக்கும் ஒரு பகுதி பெரும்பாலும் கிடைக்கும்.

அடுத்து மென்பொருள். மிக்ஸ்எக்ஸ் பயன்படுத்துபவர்கள் பீட் கண்டுபிடிக்கும் அமைப்புக்குள் போய், டெம்போ மாறாது என்று எடுத்துக்கொள்ளும் தேர்வை அணைத்துவிட்டு டிராக்கை மறுபடி அலசவிட வேண்டும். ரெக்கார்ட்பாக்ஸில் டைனமிக் என்ற அலசல் முறை இதற்காகவே இருக்கிறது. அதன் பிறகும் மென்பொருள் வரையும் அடிக் கோடுகள் (கிரிட்) அடிகளின் மேல் விழவில்லை என்றால், டிராக்குகளைத் தானாக ஒட்டும் சிங்க் பட்டனை அணைத்துவிட்டுக் கையால் ஒட்டுங்கள். தவறான கிரிட்டை நம்பி சிங்க் போட்டால், மென்பொருள் ஓடும் டிராக்கை அந்தத் தவறுக்கு ஏற்ப இழுத்துக்கொண்டே இருக்கும். நீண்ட வயலின் சுரம் நடுங்குவதைக் கேட்டால் அதுதான் காரணம்.

அறிகுறி: மேளத்தோடு சேர்த்துப் போட்டால் மேளம் ஓடிவிடுகிறது

மேளம் ஓடத்தான் செய்யும். அதன் இயல்பே அது. பஞ்சாரியில் ஐந்து காலம், அதாவது ஐந்து கட்டம், 96, 48, 24, 12, 6 என்று ஒரு தாளச் சுற்றின் அட்சரம் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வரும், வேகம் ஏறிக்கொண்டே போகும். சிங்காரி மேளத்துக்கு அந்தக் கட்டுக்கோப்பு கிடையாது, ஆனால் கூட்டம் கை தட்டத் தொடங்கினால் அதுவும் ஏறும். பத்து செண்டை ஏறும் வேகத்துக்குப் பதிவு செய்த டிராக் ஈடு கொடுக்காது. நான் தொடக்கத்தில் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரைத் தள்ளித் தள்ளி மேளத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் சரியாக வந்ததில்லை.

இப்போது செய்வது வேறு. மேளம் தொடங்கும் முன், அதை நடத்தும் ஆசானிடம் போய்க் கலாசத்தைப் பற்றி, அதாவது முடிப்புக் கொட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

"ஆசானே, பொண்ணும் மாப்பிள்ளையும் வாசல்ல நின்னதும் கலாசம் கொட்டி முடிச்சிருவீங்களா? முடிச்ச அடியில நான் டிராக் எடுத்துக்கறேன்."

"முடிக்கலாம். கடைசி மூணு அடி நான் கையைத் தூக்கிக் கொட்டுவேன், நோக்கிக்கோ."

அவ்வளவுதான். கடைசி அடி விழுந்ததும் டிராக்கின் முதல் அடி. இங்கே டெம்போ பொருந்த வேண்டிய கட்டாயமே இல்லை. மேளம் உச்சத்தில் நின்றதும் வரும் அந்த ஒரு நொடி நிசப்தமும், அதன் மேல் எழும் வயலின்களும் எந்த நீண்ட மிக்ஸையும் விட நன்றாக இருக்கும். சுருதிப் பிரச்சினையும் பெரிதாக வராது, கொம்பும் குழலும் இருந்தால் மட்டும் கவனியுங்கள்.

நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் மலையரசன் மண்டபம் (இன் தி ஹால் ஆஃப் தி மவுண்டன் கிங்) மாதிரி மெதுவாகத் தொடங்கி வெறியோடு முடியும் டிராக்குகளுக்கும் இதே வழிதான். அவற்றை நடுவில் எதனோடும் ஒட்ட முயல வேண்டாம். தொடக்கத்தில் நுழையுங்கள், முடிவில் வெளியே வாருங்கள்.

அறிகுறி: கீ எண் பொருந்துகிறது, ஆனால் காதுக்குக் கசக்கிறது

கீகளுக்கு 1 முதல் 12 வரை எண் கொடுத்து, மேஜருக்கு பி, மைனருக்கு ஏ என்று குறிப்பது கேமலாட் சக்கரம். அதில் இரண்டு டிராக்குக்கும் ஒரே எண் என்றால் சேரும், பக்கத்து எண்ணாக இருந்தாலும் சேரும் என்று எல்லோரும் கற்றுக்கொள்கிறோம். விதி நல்ல விதிதான். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே தவறும் என்பதும் தெரியும்.

8பி என்பது சி மேஜர், 8ஏ என்பது ஏ மைனர். இரண்டுக்கும் ஏழு சுரமும் ஒன்றே. நம் கணக்கில் சொன்னால், சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமமாக வைத்தால் நடபைரவி வருகிறதே, அந்தக் கிரக பேதம்தான் ஒரே எண்ணில் ஏ, பி என்று இரண்டு எழுத்தாக நிற்கிறது. பக்கத்து எண்ணுக்குப் போனால் ஏழில் ஒரு சுரம் மட்டும் மாறும். அதனால்தான் பக்கத்து எண்ணும் ஓரளவு சேருகிறது.

கோளாறு எங்கே என்றால், மென்பொருள்களில் பலவும் மேஜர், மைனர் என்ற இரண்டு பெட்டிக்குள்தான் எதையும் போடும். ஒரு கட்டை (சி) சுருதியில் கல்யாணியில் அமைந்த ஆர்கெஸ்ட்ரா இசை என்றால் ஷட்ஜமம் சி. ஆனால் பிரதி மத்யமம் இருப்பதால் சுரங்கள் ஜி மேஜரின் சுரங்கள். மென்பொருள் 9பி என்று சொல்லக்கூடும். நீங்கள் அதை நம்பி ஜியில் நிற்கும் ஒரு டிராக்கை மேலே போட்டால், சுரங்கள் எதுவும் மோதாது, ஆனால் ஆதார சுருதி இடம் மாறிவிடும். கேட்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஏதோ நழுவியது என்று மட்டும் தோன்றும். ஹரிகாம்போஜியில் இதே தவறு எதிர்ப்பக்கம் நடக்கும், சி ஷட்ஜமமாக இருக்க 7பி என்று வரும்.

சரிபார்க்க ஒரு வழி. ஃபோனில் தம்புரா ஆப்பைத் திறந்து ஒரு கட்டை வையுங்கள். டிராக்கில் ஒட்டப் போகும் இடத்தை ஓடவிட்டு, தம்புராவை அரை அரைக் கட்டையாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் தம்புரா டிராக்குக்குள் கரைந்து தனியாகக் கேட்காமல் போகிறதோ அதுதான் ஷட்ஜமம். பஞ்சமத்திலும் கரைவது மாதிரி இருக்கும், அதில் ஏமாற வேண்டாம். சந்தேகம் வந்தால் வாக்கியம் முடியும் இடத்தில் டபுள் பாஸ் எந்தச் சுரத்தில் வந்து உட்காருகிறது என்று பாருங்கள். கட்டைக் கணக்கு மறந்தவர்களுக்கு: ஒன்று சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. அரைகள் இடையில்.

இரண்டாவது காரணம், டிராக் நடுவிலேயே கீ மாறுவது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி சி மைனரில் தொடங்கி சி மேஜரில் முடிகிறது, சக்கரத்தில் 5ஏயிலிருந்து 8பிக்குப் போகிறது. மூன்று எண் தள்ளி. பொலேரோ கிட்டத்தட்ட முழுக்க சி மேஜர்தான், ஆனால் முடியப் போகும் நேரத்தில் திடீரென்று ஈ மேஜருக்கு ஏறித் திரும்பி வரும். மென்பொருள் 8பி என்று சரியாகத்தான் சொல்லும். நீங்கள் அந்த ஈ மேஜர் இடத்தில் சி மேஜர் டிராக்கை நுழைத்தால் கண்ணாடி உடைந்த மாதிரி இருக்கும். வெளியேறும் இடத்தின் கீயைத் தனியாகக் குறித்து வைப்பது இதற்காகத்தான்.

மூன்றாவது, இசைக்குழுவே வேறு சுருதியில் சேர்த்திருப்பது. பொதுவான அளவு ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ். ஐரோப்பிய இசைக்குழுக்கள் பல 442, 443 என்று கொஞ்சம் மேலே வைக்கின்றன. 442 என்பது அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் எட்டுப் பங்கு மேலே. தனியாகக் கேட்டால் தெரியாது. கீபோர்டில் 440 வைத்து நீண்ட சுரம் பிடித்தால் விநாடிக்கு இரண்டு அலை அடிப்பது தெளிவாகக் கேட்கும். கீபோர்டின் மாஸ்டர் டியூனை 442 ஆக்கிவிட்டால் போதும். பரோக் இசையைப் பழைய வாத்தியங்களில் வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் 415ல் வாசிப்பார்கள், அது ஏறக்குறைய முழு அரைச்சுரம் கீழே. உறையில் டி மேஜர் என்று எழுதியிருக்கும், மென்பொருள் 3பி என்று சொல்லும், இரண்டுமே பொய் இல்லை. ஒட்டுவதற்கு மென்பொருள் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நாதஸ்வரம் முடிந்ததும் டிராக் போட்டால் சுருதி இறங்கிய மாதிரி இருக்கிறது

ஒரு சாயங்காலம் நாதஸ்வரக்காரரிடம் நடந்த பேச்சு இது.

"அண்ணா, நாயனம் என்ன கட்டைங்க?"

"ரெண்டரை, தம்பி. ஆனா இப்ப கேக்காதீங்க. அரை மணி நேரம் ஊதுன பொறவு வந்து பாருங்க, கொஞ்சம் ஏறியிருக்கும்."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஊதும் மூச்சின் சூட்டில் காற்று வாத்தியத்தின் சுருதி ஏறும். டிராக் ஒரு கட்டையில் இருந்தால் இரண்டரைக்கு மூன்று அரைச்சுரம் ஏற்ற வேண்டும், அதோடு அந்தக் கொஞ்சத்தையும் சேர்க்க வேண்டும். நான் ஹெட்போனில் ஒரு காதில் டிராக்கையும் மறு காதில் மண்டபத்தில் நாதஸ்வரத்துக்குச் சுருதி கொடுக்கும் ஒத்து வாத்தியத்தையும் வைத்து, ஒத்தோடு டிராக் கரையும் வரை நுணுக்கமாக ஏற்றினேன். முகூர்த்தப் பரபரப்பில் இது இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம் கிடைக்காது என்றால், நாதஸ்வரத்துக்கும் டிராக்குக்கும் நடுவே அறிவிப்பாளரைப் பேசவிடுங்கள். பத்து விநாடி பேச்சு கேட்டால் பழைய சுருதி காதிலிருந்து இறங்கிவிடும்.

மூன்று அரைச்சுரம் ஏற்றினால் வயலின் கொஞ்சம் மெலிந்துதான் போகும். முடிந்தால் இரண்டரைக் கட்டைக்கு அருகில் உள்ள டிராக்கையே தேர்ந்தெடுப்பது நல்லது.

அறிகுறி: டெம்போவை மாற்றினால் சுருதியும் மாறுகிறது, அல்லது ஒலி நடுங்குகிறது

சுருதியைப் பூட்டி வைக்கும் கீ லாக் அணைந்திருந்தால் வேகத்தோடு சுருதியும் ஏறும். ஏறக்குறைய 6 சதவீதம் ஒரு அரைச்சுரம். 3 சதவீதம் என்றால் பாதி அரைச்சுரம், எந்தக் கீக்கும் சொந்தமில்லாத இடத்தில் நிற்கும். இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான். கீ லாக் போட்டால் சுருதி நிற்கும், ஆனால் டிரம்ஸ் பாட்டில் தெரியாத சேதம் வயலின் கூட்டத்திலும் பியானோவிலும் தெரியும். ஆர்கெஸ்ட்ரா டிராக்கை நான் 3 சதவீதத்துக்கு மேல் தொடுவதில்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால் மற்ற டிராக்கை இந்தப் பக்கம் இழுக்கிறேன், டிரம்ஸ் தாங்கும்.

அறிகுறி: டிராக் முழுவதும் மந்தமாக, ஏதோ கீழே இறங்கி ஒலிக்கிறது

ஃபைல் 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் பதிவானது, ஏதோ ஒரு கருவி அதை 44.1 என்று நினைத்து வாசிக்கிறது. வேகம் எட்டு சதவீதம் போலக் குறையும், சுருதி ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். லேப்டாப், சவுண்ட் கார்டு, ஃபைல் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: தொடக்கம் மண்டபத்தில் கேட்கவே இல்லை, முடிவில் காது கிழிகிறது

இதில் நான் பட்ட அடி மறக்காது. மீனாட்சிபுரம் பக்கம் ஒரு மண்டபம். புல்லாங்குழல் தனியாகத் தொடங்கும் டிராக். வீட்டில் அவ்வளவு அழகாக இருந்தது, மண்டபத்தில் மின்விசிறி, பாத்திரச் சத்தம், ஆயிரம் பேர் பேச்சுக்கு நடுவே ஒன்றும் கேட்கவில்லை. மணப்பெண்ணின் அப்பா திரும்பிப் பார்த்தார். கெயினை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். ஒன்றரை நிமிடத்தில் பித்தளை வாத்தியங்கள் சேர்ந்து எழுந்தன, ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றது, இடது பக்க பாக்ஸ் கட் ஆகி அணைந்தது. அங்கிருந்த குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டது இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஆர்கெஸ்ட்ரா பதிவில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள தூரம் டான்ஸ் பாட்டை விடப் பல மடங்கு. மென்பொருளின் தானியங்கி ஒலி அளவும் முழு டிராக்குக்கும் ஒரே எண்ணைத்தான் போடும். அதனால் முதலில் டிராக்கின் மிக உரத்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். சவுண்ட் செக்கில் அந்த இடத்தைத்தான் ஓட்டி மாஸ்டர் ஒலி அளவைத் தீர்மானிக்க வேண்டும், தொடக்கத்தை அல்ல. பிறகு வீட்டில் ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒரு நகல் எடுத்து, என்வலப் கருவியால் மெல்லிய பகுதியை மட்டும் 6 டெசிபெல் போல மெதுவாக ஏற்றிச் சேமியுங்கள். ஏற்றமும் இறக்கமும் வாக்கியங்களுக்கு நடுவே இருக்கட்டும். ஒலி ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸர் போட்டால் 2:1க்கு மேல் வேண்டாம், அழுத்திவிட்டால் அந்த எழுச்சியே போய்விடும், எழுச்சிக்காகத்தானே ஆர்கெஸ்ட்ரா கேட்டார்கள்.

அறிகுறி: இரண்டு டிராக்கும் சேரும் இடம் சேறாக இருக்கிறது

கச்சேரி அரங்கில் பதிவான டிராக்கில் இரண்டு விநாடி எதிரொலி சேர்ந்தே வரும். 72 பிபிஎம்மில் ஒரு அடி 0.83 விநாடி. அப்படியானால் ஒவ்வொரு அடியின் வாலும் அடுத்த இரண்டு அடியின் மேல் படுத்திருக்கிறது. நம் மண்டபங்களின் டைல்ஸ் தரையும் தகரக் கூரையும் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். நீண்ட மிக்ஸ் வேண்டாம், நான்கு அடிக்குள் மாறிவிடுங்கள். உள்ளே வரும் டிராக்கில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி வைத்து, பழையது போன பிறகு திறந்துவிடுங்கள். டிம்பனியும் (ஆர்கெஸ்ட்ராவின் பெரிய முரசு) கிக் டிரம்மும் ஒரே சப் ஊஃபரில் சேர்ந்து ஒலித்தால் இரண்டும் கெட்டுவிடும்.

அறிகுறி: ஹெட்போனில் சரியாக விழுந்த அடி வாசலில் தாமதமாக விழுகிறது

இது டிராக்கின் தவறு கிடையாது, தூரம். ஒலி 30 மீட்டர் வருவதற்குக் கிட்டத்தட்ட 90 மில்லி விநாடி எடுக்கும். மேளம் 140 பிபிஎம்மில் போகும்போது ஒரு அடி 430 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. வாசலில் கொட்டும் செண்டையை மேடைப் பக்கம் உட்கார்ந்து காதால் கேட்டு ஒட்டினால், ஒரு அடியில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள். உங்கள் ஸ்பீக்கர் மேடையில் இருந்தால் வாசலில் நிற்பவருக்கு அந்தத் தாமதம் இரட்டிப்பாகத் தெரியும்.

வாசலுக்கு அருகே ஒரு பாக்ஸ் வைத்துவிடுங்கள். செண்டைக்கு ஒரு மைக் வைத்து அதை நேராக ஹெட்போனில் கேளுங்கள். மைக் இல்லாத நாட்களில் நான் கூட வரும் தம்பியை வாசலில் நாற்காலி மேல் ஏற்றி நிறுத்திவிடுகிறேன், கையில் ஒரு சிவப்புத் துண்டு. ஆசான் கடைசி மூன்று அடிக்குக் கையைத் தூக்கும்போது அவனும் துண்டைத் தூக்குவான். மூன்றாவது அடிக்குத் துண்டு கீழே வரும்போது நான் பிளே பட்டனை அழுத்துகிறேன்.